பெயரைப் போடுங்கள்

‘ஃபீச்சரிங்’ என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 2021 மார்ச் மாதம் மாஜா நிறுவனம் ‘என்ஜாய் எஞ்சாமி’யை வெளியிட்டபோது தலைப்பில் முதலில் நின்றது தீ. அப்புறம் ‘ஃபீச்சரிங்’. அதற்கும் அப்புறம்தான் அறிவு. தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இசை உலகத்தில் விருந்தாளிக் கலைஞரை அப்படித்தான் போடுவார்கள், தெரியும். ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பிய வள்ளியம்மாளின் கதை அது. அந்தக் கதைக்குள் அவருடைய பேரனே எப்படி விருந்தாளி ஆனார்?

பாட்டின் பின்னணி நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1948-இல் இலங்கை அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர்களை இரண்டு அரசுகள் உட்கார்ந்து எண்ணிக்கையாகப் பங்கு போட்டுக்கொண்டன. அந்தப் பங்கீட்டின் வலிதான் அறிவின் வரிகளில் இருக்கிறது. நட்டவனுக்கு நிலம் இல்லை என்பதுதான் பாட்டின் சாரம். ஒப்பாரியின் சாயல் அதில் சும்மா வரவில்லை.

இனி, பாட்டுக்கு நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும் கனடாத் தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அவருக்கென்று ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. டிஜே ஸ்னேக் செய்த ரீமிக்ஸுக்கு நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை வைத்தார்கள். அதிலும் அறிவு இல்லை. 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்றார்கள். இருக்கட்டும். ஒரு தடவை விட்டுப்போனால் தற்செயல் என்று ஒத்துக்கொள்ளலாம். மூன்று தடவையும் ஒரே ஆள் விட்டுப்போனால் அதற்கு வேறு பெயர்.

அதன் பிறகுதான் அறிவு வாய் திறந்தார். எழுதியது, மெட்டமைத்தது, பாடியது எல்லாவற்றிலும் தன் உழைப்பைச் சொன்னார். சந்தோஷ் நாராயணன், இது கூட்டு முயற்சி, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று விளக்கம் கொடுத்தார். 2024 மார்ச்சில் அவரே காணொளி போட்டு, மூன்று வருஷமாகியும் மூவருக்கும் பாட்டிலிருந்து ஒரு காசுகூட வரவில்லை என்றார். நிறுவனம் வேறு விளக்கம் சொன்னது. 40 கோடிக்கும் மேல் பார்வைகள் போன ஒரு பாட்டின் கதை இது. விளைச்சல் உண்டு, கூலி இல்லை. இதை எந்தத் தோட்டத்துக் கிழவியிடம் சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டாள்.

இந்த இடத்தில் நண்பர்கள் சொல்வது: “டேய், நல்ல பாட்டு, சும்மா ஆடிட்டுப் போவியா! ஒரு பாட்டுக்குப் பத்துப் பேர் வேலை செய்வான், எல்லார் பேரையும் எங்க போடுறது?”

எங்கே போடுவது என்று எனக்குத் தெரியும். நான் பொறியாளர். எங்கள் வேலையில் ஒவ்வொரு வரைபடத்தின் கீழ் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், தேதி. நாளைக்கு அதே வரைபடத்தை வேறொருவர் திருத்தினால் திருத்தத்தின் எண்ணும் அவர் பெயரும் சேரும். அதற்காக முதலில் வரைந்தவர் பெயரை யாரும் அழிப்பதில்லை. ஒரு சாக்கடை மூடிக்கே இந்த மரியாதை இருக்கிறது. ரீமிக்ஸ் என்பதும் ஒரு திருத்தம்தானே? மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டமே படைப்பாளிக்குத் தன் பெயர் குறிக்கப்படும் உரிமையைத் தருகிறது. பெயர் கேட்பது கர்வம் இல்லை, கணக்கு.

தீயின் குரலை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் குரல் இல்லாமல் பாட்டு இவ்வளவு தூரம் போயிருக்காது. அமித் கிருஷ்ணன் இயக்கிய காணொளியும் அழகாகத்தான் இருக்கிறது. வள்ளியம்மாள் அதில் தோன்றும்போது நம் வீட்டுப் பாட்டியே உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். ஆனால் அழகுக்கு ஒரு ஆபத்து உண்டு. பச்சைக் காடும் பளிச்சென்ற உடைகளும் கண்ணை நிறைத்துவிட்டால், யார் யாரிடமிருந்து நிலத்தைப் பிடுங்கினார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். எஞ்சாமி என்றால் என் சாமி. பேரப்பிள்ளையைக் கொஞ்சவும் அந்தச் சொல்தான், முதலாளி முன்னால் கைகட்டி நிற்கவும் அந்தச் சொல்தான். நாம் கொஞ்சலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆடுகிறோம்.

புக்கிட் செந்தோசாவில் எந்தக் கல்யாணத்திலும் இந்தப் பாட்டு ஒலிக்காமல் முடிவதில்லை. ஆடுகிறவர்களில் பலர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள், நானும் சேர்த்துத்தான். நம் தாத்தாக்கள் பால் மரம் வெட்டினார்கள். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். இருந்தவர்களைப் பிறகு செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் கிளப்பின. பக்கத்திலேயே பாருங்கள்: மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக். இந்த ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் வாக்குக் கொடுக்கப்பட்ட வீட்டுக்காக எத்தனை தேர்தலைப் பார்த்துவிட்டார்கள்! வள்ளியம்மாளின் கதையைக் கேட்டுக் கண் கலங்க நமக்கு யூடியூப் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் “நீங்க எந்தத் தோட்டம், பாட்டி?” என்று கேட்க நேரமில்லை.

நம்முடைய உள்ளூர் மியூசிக் வீடியோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். யோகி பி, நட்சத்திரா குழு 2006-இல் ‘வல்லவன்’ கொடுத்தபோது மலேசியத் தமிழ்க் குரல் சென்னை வரைக்கும் கேட்டது. அந்தத் துணிச்சலில் வளர்ந்த தலைமுறை நாம். இன்றைக்கு யாரிடமும் ட்ரோன் இருக்கிறது. ரப்பர் மரத்து வரிசைக்கு மேலே பறக்கவிட்டு, இடிந்த லயத்து வீட்டுக்கு முன்னால் நான்கு பேர் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிறார்கள். தோட்டம் ஒரு ‘லொக்கேஷன்’ ஆகிவிட்டது. ஒப்பாரியோ தாலாட்டோ ஒரு மூதாட்டி பாடியதை ரெக்கார்டு பண்ணி, பீட் போட்டு, கீழே ‘நாட்டுப்புறம்’ என்று எழுதிவிடுகிறார்கள். நாட்டுப்புறம் என்பது யாருடைய ஐ.சி.யிலும் இருக்கும் பெயர் இல்லை. அந்தக் கிழவிக்குப் பெயர் இருக்கிறது. சென்னையில் நடந்ததைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் முதலில் இதற்குக் கோபப்பட வேண்டும்.

அதனால் பாட்டு போடும் தம்பி தங்கைகளிடம் கேட்பது இவ்வளவுதான். காணொளிக்குக் கீழே, ஸ்பான்சர் பெயருக்கு மேலே, மூன்று வரி எழுதுங்கள்: மெட்டை யாரிடம் கேட்டோம், அவர் எந்தத் தோட்டம், அவருக்கு எவ்வளவு கொடுத்தோம். கடைசி வரியை எழுதக் கூச்சமாக இருந்தால், கொடுத்தது போதவில்லை என்று அர்த்தம். தோட்டங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ப் பலகையிலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன. அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்த பாட்டிகளுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கேட்டு எழுத இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.