பட்டறை வாசலில்



கர்ஜத் மலையடிவாரத்து ஜெபக்கூட்டங்களுக்கு என்னைச் சுமந்துசென்ற பழைய மாருதி ஜிப்ஸி மூன்று மாதமாகப் பட்டறையில் நிற்கிறது. 1985-இல் அறிமுகமான அந்த மாடல் இப்பொழுது உற்பத்தியில் இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கு ஒரு பல்சக்கரம் வேண்டும். குர்லாவின் உதிரிபாகக் கடைகளில் தேடுகிறார்கள். முந்தைய இரு பட்டறைகளும் உடனே சரிசெய்து தந்தன. இருமுறையும் ஏற்றத்தில் நின்றுபோனேன். இந்த மெக்கானிக்கோ, பொருந்தாததைப் பூட்டமாட்டேன் என்கிறார்.

பானபாத்திரக்காரன் மறந்தபின் யோசேப்பு இரண்டு வருஷம் சிறையிலிருந்ததைப் பிரசங்கிக்கிற நான், அவரைத் தினமும் தொலைபேசியில் நெருக்கினேன். ஒருநாள் கடிந்தும் பேசினேன். உங்கள் மகனுக்கு வேலையும் மகளுக்கு வரனும் தாமதித்தபோது, பொறுமையாயிருங்கள் என்று எத்தனை எளிதாய்ச் சொல்லிவிட்டேன்! மன்னியுங்கள்.

சென்ற சனியன்று அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கிரீஸ் படிந்த கையால் தேநீர் தந்தார். வண்டியைப்பற்றி நான் கேட்கவில்லை.