கரையில் விடப்பட்டோரும் களஆய்வும்

தீவகத்தை நோக்கிய களஆய்வு, குறிகட்டுவான் இறங்குதுறையிலேயே மாணவரை இரு கூறாகப் பிரித்துவிடுகின்றது. அலையில் ஆடும் படகினுள் கால்வைத்து இறங்கவல்லோர் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்வர். சக்கரநாற்காலியில் இருப்போரும் ஊன்றுகோலை நம்பி நடப்போரும் பெயர்ப்பட்டியல் தயாராகும்போதே விலக்கப்படுவர். பின்னர் அவர்களுக்குக் கிடைப்பவை பிறர் எழுதிய குறிப்புகளும் சில நிழற்படங்களுமே. இதனைக் கருணையென்று கொள்வோர் உளர். உண்மையில் இது கல்வி மறுப்பேயாகும்.

கடல் குறுக்கிடுகையில் என்செய்வது என வினவுவர். இவ்வினாவுக்கு விடை முன்னரே காணப்பட்டுள்ளது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 2006ஆம் ஆண்டிலேயே, நடமாட்டக் குறைபாடுடைய புவிச்சரிதவியல் மாணவரைக் கம்பியில்லா வலையமைப்பின் மூலம் களத்துடன் இணைக்க முற்பட்டது. பாறையை அணுக இயலாத மாணவர், அண்மையிலுள்ள ஓரிடத்திலிருந்தவாறே படமும் குரலும் பெற்று ஆய்வில் பங்குகொண்டனர். அன்று தனிக்கருவிகள் செய்த பணியை இன்று கைத்தொலைபேசியே ஆற்றவல்லது. 2020ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்தில் விரிவுரைகளையே அதன்வழி கேட்ட தலைமுறையினர், ஒருநாட் களஆய்வுக்கு அது உதவாதென வாதிடுவது நகைப்புக்குரியது.

ஆயின், ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக் காட்சியை அனுப்பிவிட்டால் கடமை முடிந்ததாகாது. நெடுந்தீவின் முருகைக்கல் மதிலில் எதனை அளப்பது, முதியவரிடம் எதனை வினவுவது என்பவற்றைக் கரையிலுள்ளவரும் தீர்மானித்தல் வேண்டும். அலைத்தொடர்பு தளருமிடத்துப் பதிவுசெய்து, அன்றே அனைவரும் கூடியிருந்து ஆராய்தல் வேண்டும். கைத்தொலைபேசி கடற்காற்றைத் தராது என்பது மெய்யே. காற்றைத் தர இயலாமையைக் காட்டிக் கல்வெட்டையும் மறுப்பது நீதியன்று.

அன்றியும், இவ்வசதி இறங்குதுறைகளைச் சீர்செய்யாமைக்குச் சாட்டாகவுங் கூடாது. பொது இடங்களை அணுகுவதில் வலுவிழந்தோருக்குள்ள உரிமையை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஏற்றுள்ளது. படகேறும் வழி பிறக்கும்வரை கைத்தொலைபேசி ஒரு பாலம். அவ்வழிக்கு அது ஈடாகாது.

முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைக் காணவே வரலாற்று மாணவர் நயினாதீவுக்குக் கடல் கடக்கின்றனர். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்படவேண்டும் என்கிறது அது. யானை, குதிரை கொணரும் கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கே பண்டாரத்துக்கு. ஏனைய மூன்றும் உடையவனுக்கு எனவும் விதிக்கின்றது. கலமிழந்த அந்நியனுக்கும் பங்கு வைத்த அக்கல்லைப் படிக்கச் செல்வோர், தம் சகமாணவரின் பங்கு முழுவதையும் கரையிலே விட்டுச்செல்லுதல் தகுமோ?