நெரிசல் மாதக் கணக்கில் வருவதில்லை

டேட்டா வரம்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தப் பதில் வந்துவிடும்: "சிலபேர் ராப்பகலா படம் டவுன்லோடு பண்றாங்க சார். அவங்களைக் கட்டுப்படுத்தலேன்னா மத்தவங்களுக்கு எங்கேருந்து ஸ்பீடு கிடைக்கும்?" கம்பெனி சொல்ல வேண்டிய சமாதானத்தைக் காசு கட்டுகிறவரே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டேட்டா தொட்டித் தண்ணீர் அல்ல. அடுத்த வீட்டுக்காரர் நேற்று இறைத்ததால் இன்று உங்களுக்குக் குறையாது. ஒரே பாதையில் ஒரே சமயத்தில் பலர் நுழையும்போதுதான் நெரிசல். ராத்திரி ஒன்பது மணிக்கு இருக்கும், விடிகாலை மூன்று மணிக்கு இருக்காது. மூன்று மணிக்கு 50 ஜிபி இறக்குகிறவரால் யாருக்கும் தொந்தரவில்லை, ஆனால் மாதக் கணக்கில் அவர்தான் குற்றவாளி. ஒன்பது மணிக்கு ஊரோடு சேர்ந்து கிரிக்கெட் பார்ப்பவரோ வரம்பு தாண்டாத நல்லபிள்ளை!

அமெரிக்காவின் காம்காஸ்ட் இணைய நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். பிட்டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையின் பரிமாற்றங்களை அது ரகசியமாகத் துண்டித்தது 2007இல் அம்பலமானது. 2008 ஆகஸ்டில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அதை நிறுத்தச் சொன்னது. (2010இல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது வேறு விஷயம்.) அந்தத் துண்டிப்புக்குப் பதிலாக வந்த ஏற்பாடு உருப்படியானது. ஒரு பகுதியின் டவுன்லோடு பாதை 80 சதவீதம் நிரம்பியபோது, தன் வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் 15 நிமிடம் இழுத்தவருக்கு மட்டும் முன்னுரிமை குறைந்தது. அவர் பயன்பாடு தணிந்ததும் பழையபடி. என்ன பார்க்கிறார், எந்த ஆப் என்ற விசாரணையே இருக்கவில்லை.

இந்த மருந்து தயாராகிக்கொண்டிருந்த அதே 2008 அக்டோபரில்தான் மாதம் 250 ஜிபி என்ற வரம்பும் வந்தது. எதற்கு? 2015இல் கசிந்த காம்காஸ்டின் வாடிக்கையாளர் சேவைக் குறிப்பு பதில் சொல்கிறது: அப்போதைய வரம்புத் திட்டம் நெரிசலைச் சமாளிக்க என்று சொல்லாதீர்கள், அது அதற்காக அல்ல என்று ஊழியர்களுக்கே எழுதியிருந்தார்கள். அதே ஆண்டு அந்நிறுவனத்தின் சொந்த ஸ்ட்ரீம் டிவி சேவை வரம்புக் கணக்கில் சேரவில்லை, நெட்ஃபிளிக்ஸ் சேர்ந்தது. எல்லா இணையச் சேவையையும் ஒன்றுபோல நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை பேசுகிறவர்கள் பயந்தது இதற்குத்தான். 2020 மார்ச்சில், கொரோனாவால் ஊரே வீட்டிலிருந்து இணையத்தை மொய்த்தபோது, வரம்பை இறுக்கவா செய்தார்கள்? தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

பார்ப்பது எது என்பதைப் பொறுத்து டேட்டா கட்டணத்தை மாற்றக்கூடாது என்று நம் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் தடை போட்டதால், இந்தியாவில் அந்த மாதிரி வேலை அவ்வளவு சுலபமல்ல. ஆனால் மொபைலில் தினம் 1.5 ஜிபி கணக்கு நம்மை ஆட்டுகிறது. மொபைலுக்கு அலைக்கற்றை அளவுக்குட்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மிச்ச டேட்டா நள்ளிரவோடு ஏன் காலாவதியாக வேண்டும்? வீணாகிவிடுமே என்று பதினொரு மணிக்கு ரீல்ஸ் ஓட்டித் தீர்ப்பவரை உண்டாக்கியதே அந்த விதிதான்.

நெரிசல்தான் காரணமென்றால், எந்தப் பகுதியில் எந்த மணிக்குப் பாதை எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்று கம்பெனிகள் வெளியிடட்டும். நம்முடைய ஒவ்வொரு மெகாபைட்டையும் எண்ணிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அது பெரிய வேலையில்லை.