கண்ணாடி மாட்ட டேப்பா, ஸ்க்ரூவா?

வாடகை வீடென்றால் முதல் நிபந்தனையே "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்பதுதான். அதனால் பலர் முகம் பார்க்கும் கண்ணாடியை டபுள் சைடு டேப்பில் ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

சின்னக் கணக்கு. 1 சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் சுமார் 2.5 கிலோ. 2 அடிக்கு 3 அடி, 4 மி.மீ. கண்ணாடி என்றால் ஐந்தரை கிலோ! டேப் தாங்கலாம். ஆனால் அது ஒட்டியிருப்பது சுவரில் அல்ல, மேலே அடித்த சுண்ணாம்பில் அல்லது டிஸ்டெம்பரில். அது உரிந்தால் கண்ணாடியும் கூடவே வரும்.

சிலிகான்? வினிகர் வாடை அடிக்கும் வகை, கண்ணாடியின் பின்பூச்சை அரித்துக் கரும்புள்ளி விழ வைக்கும். நியூட்ரல் வகை அரிக்காது. ஆனால் வீடு மாறும்போது உடையாமல் கழற்றுவது கஷ்டம்.

என் ஓட்டு ஸ்க்ரூவுக்கே. டிரில் போட்டு, பிளக் வைத்து, மேலே இரண்டு கிளிப், கீழே இரண்டு. எடையைச் சுமப்பது கீழ் கிளிப்புகள்தான். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே மட்டும் துளைக்காதீர்கள், உள்ளே ஒயர் ஓடும்.

வீட்டுக்காரர் முறைப்பாரா? காலி செய்யும்போது நான்கு ஓட்டைக்கும் பட்டி வைத்து அடைத்துக் கொடுக்கலாம். குழந்தை மேல் கண்ணாடி விழுந்தால் எந்தப் பட்டியை வைப்பது? நீங்களே சொல்லுங்கள்.