மேடையில் பெரியார், வீட்டில் ஊர்க் கட்டுப்பாடா?

தாராவி தொண்ணூறடி சாலையில் மேடை போட்டால், 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானங்களை முழங்க நம்மிடையே பேச்சாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஆணும் பெண்ணும் தம் துணையைத் தாமே தேடிக்கொள்ளலாம் என்று அன்றே சொன்ன இயக்கத்தின் வழிவந்தவர்கள் என்று மார்தட்டுகிறோம். ஆனால், அந்த மேடைக்குக் கைதட்டிய வீட்டில் பதினாறு வயதுப் பெண்ணின் கைப்பேசியில் ஒரு பையனின் செய்தி அகப்பட்டால் நடப்பதென்ன? முதலில் அறை. அடுத்து கைப்பேசி பறிமுதல். அதற்கடுத்து நெல்லைக்கு ரயில் டிக்கெட்! படிப்பு பாதியில் நின்றாலும் கவலையில்லை. அத்தை வீட்டில் அடைத்து, 'நம்ம ஆளுக'ளில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டால் மானம் கப்பலேறாதாம். பதினெட்டு நிறையாத பெண்ணுக்குத் தாலி கட்டுவது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது இவர்களுக்குத் தெரியாதா? மகன் காதலித்தால் மட்டும் 'வயசுப் பிள்ளை' என்று சிரிப்பார்கள்.

இந்த ஆத்திரம் பிள்ளையின் நலனுக்காகவா என்று நாம் கேட்கிறோம். "அவன் உன்னை மரியாதையாக நடத்துகிறானா? மிரட்டுகிறானா?" என்று எந்தத் தந்தை கேட்கிறார்? "அவன் என்ன ஆளு?" என்பதல்லவா முதல் கேள்வி! பிழைப்புக்காக ஆயிரம் மைல் கடந்து வந்தோம். துணிமூட்டையோடு சாதியையும் கட்டிக்கொண்டு வந்தோம். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிச் சாய்த்தது இந்தக் கேள்விதான்.

பிள்ளைகள் 'டேட்டிங்' என்று சொல்வதைக் கேட்டு அலறுவோரே, ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழகியவன் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, "வீட்டில் காட்டிவிடுவேன்" என்கிறான். அந்த மிரட்டலுக்கு வலுக் கொடுப்பது எது? உங்கள் கை! வீட்டில் சொன்னால் அடியும் ரயிலும்தான் என்று தெரிந்த பெண் அவன் சொன்னபடியெல்லாம் ஆடுவாள். வேறு என்ன செய்வாள்?

சட்டத்தையாவது சொல்லிக் கொடுக்கிறோமா? அதுவும் இல்லை. 2012இல் வந்த போக்சோ சட்டம் இசைவு வயதைப் பதினாறிலிருந்து பதினெட்டாக்கியது. பத்தொன்பது வயதுப் பையன் பதினேழு வயதுப் பெண்ணோடு உறவுகொண்டால், அவள் சம்மதித்தாள் என்பது அவனைக் காப்பாற்றாது. இளம்பருவக் காதலரைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது உண்மை. ஆனால் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல், வேறு சாதிப் பையனைச் சிறைக்கு அனுப்பும் ஆயுதமாக மட்டும் அதைத் தெரிந்து வைத்திருப்பது வெட்கக்கேடு.

யாரோடு போகிறாய், எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று தாய் தந்தையர் கேட்கட்டும். பிள்ளை பயமின்றிப் பதில் சொல்லும் நிலை வீட்டில் இருக்கட்டும். அவள் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான் என்பதை மகனுக்கு அப்பனே சொல்லட்டும். அதைச் சினிமா சொல்லித்தராது. மிரட்டல் வந்தால் 1098க்குப் பேசலாம் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். டிக்கெட் எடுத்து வைத்திருப்போர் அதை உடனே ரத்து செய்யட்டும். பெண் தன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை இங்கேயே எழுதட்டும்.