குரலா, காதா?

நம் ஊரை விட்டு வந்து மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், குழந்தைக்கு ஆறு வயது ஆவதற்குள் பாட்டு வகுப்பு தேட ஆரம்பித்து விடுகிறோம். மாடுங்காவானால் என்ன, செம்பூர், முலுண்ட் ஆனால் என்ன, சரளி வரிசை கேட்காத தமிழர் குடியிருப்பு அபூர்வம். ஆறு மாதம் கழிந்ததும் ஆசிரியையிடம் நாம் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: “எங்க குழந்தைக்கு நிஜமாவே சங்கீதம் வருமா?”

நான் பாட்டு வாத்தியார் அல்ல. வருஷக் கணக்காகக் கச்சேரி கேட்கிறவன், அவ்வளவே. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒருமுறை மிகத் தவறான பதிலை மார்க் போட்டுக் கொடுத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவராத்திரிப் பாட்டுப் போட்டியில் மூன்று நடுவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் ஆதி தாள வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடினான். பிசிறில்லாத குரல், தாளம் போடும் கையில் ஒரு மிடுக்கு. சபை கைதட்டியது. அடுத்து ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண். சின்னக் கிருதிதான் பாடினாள். அனுபல்லவியில் சட்டென்று நிறுத்தி, சுருதிப் பெட்டியின் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு எங்களைப் பார்த்து, “சுருதி இறங்கிப் போயிட்டேன், மாமா. முதல்லேர்ந்து பாடட்டுமா?” என்றாள். கூட்டத்தில் சிரிப்பு. பாடச் சொன்னோம். இந்த முறை சுத்தமாகப் பாடினாள். ஆனால் சரணத்தை முடிப்பதற்குள் மணி அடித்து விட்டது.

மதிப்பெண் தாளில் பாடாந்தரம், தாளம், குரல் வளம், மேடைப் பழக்கம் என்று கட்டங்கள் இருந்தன. மேடைப் பழக்கத்தில் அவளுக்கு நான் போட்டது பத்துக்கு மூன்று. பையனுக்கு முதல் பரிசு. அவளுக்கு ஆறுதல் பரிசும் இல்லை. இதில் என்னை உறுத்துவது வேறு. அவள் சுருதி இறங்கியதை, அவள் சொல்லும் வரை நான் கவனிக்கவேயில்லை. நடுவர் நாற்காலியில் இருந்தவனை விட அந்தக் குழந்தையின் காது கூர்மையாக இருந்தது. அதற்கு நான் கொடுத்த தண்டனைதான் அந்த மூன்று மார்க்.

பிறவி மேதை என்றால் நாம் உடனே குரலையும் வேகத்தையும் பார்க்கிறோம். குழந்தை எத்தனை பாட்டு பாடுகிறது, எந்த வயதில் மேடையேறியது என்று கணக்கெடுக்கிறோம். என் அபிப்பிராயத்தில் பிறவி வரம் தொண்டையில் இல்லை, காதில் இருக்கிறது. தன் குறை தனக்கே கேட்க வேண்டும். கேட்டபின் வெட்கப்படாமல் திரும்பத் தொடங்குகிற மனமும் வேண்டும்.

செம்மங்குடி சீனிவாசய்யரை (1908–2003) எடுத்துக் கொள்ளுங்கள். இனிய சாரீரம் என்று அவருடையதை யாரும் சொன்னதில்லை. மூக்கால் பாடுகிறார் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தக் குரலை அசுர சாதகத்தால் வழிக்குக் கொண்டு வந்து, 39 வயதில், 1947ல், சங்கீத கலாநிதி ஆனார். தொண்ணூறு வயதிலும் மேடையேறினார். குரல்தான் வரம் என்றால் அவருக்கு அது கிடைக்கவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும்! நம் போட்டியில் பாடியிருந்தால் ‘குரல் வளம்’ கட்டத்திலேயே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

எம்.டி. ராமநாதன் (1923–1984) கதை இன்னும் வேடிக்கை. பாலக்காட்டுப் பக்கத்து மஞ்சப்பராவிலிருந்து கலாக்ஷேத்திரத்துக்கு வந்து டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்றவர். கனத்த, அடித் தொண்டைச் சாரீரம். மற்றவர்களெல்லாம் விறுவிறுப்பாகப் பாடிக் கொண்டிருக்கையில், தன் குரலுக்கு எந்தக் காலப்பிரமாணம் பொருந்தும் என்று அறிந்து சௌக்க காலத்திலேயே நின்றார். இழுக்கிறார் என்று எழுந்து போனவர்கள் ஏராளம். சங்கீத கலாநிதிப் பட்டம் கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று அவருடைய ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிறோம்.

“அப்படியானால் பால மேதைகளை என்ன சொல்வீர்?” என்று கேட்பீர்கள். பயிற்சி செய்தால் எவரும் மேதையாகலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஆகுமென்றால் எங்கள் தெருவில் நானும் ஒரு வித்வான். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) பாலகனாக மேடையேறியவர்; வேகத்துக்குப் பெயர் போனவர். ஆனால் அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு வாய்ப்பாட்டுக்காரர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், பையன் அதைக் கேட்டுத் தந்தியில் தேடிக் கண்டுபிடிப்பான். தண்டில் கட்டை போட்ட அயல்நாட்டு வாத்தியம், கமகத்துக்கு எளிதில் வளையாது. விரலை எங்கே வைப்பது என்று குருவால் காட்ட முடியாது. குருவின் குரலில் இருந்த குழைவு தன் தந்தியில் வந்து விட்டதா என்று சொல்ல அவருடைய காது ஒன்றுதான் இருந்தது. நாம் வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தோம்.

புல்லாங்குழல் மாலியும் (1926–1986) ஏழு வயதில் கச்சேரி செய்தவர்தான். குழலில் வாய்ப்பாட்டின் கமகம் வர வேண்டும் என்று விரல் வைக்கும் முறையையே மாற்றினார். மனம் ஒட்டாவிட்டால் கச்சேரியைப் பாதியில் விட்டுப் போவதும் உண்டு. மாலி நிறுத்தினால் மேதையின் கிறுக்கு என்று பூரித்தோம். ஒன்பது வயதுப் பெண் நிறுத்தினால் மார்க்கைக் குறைத்தோம்.

இதே மும்பையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹரிபிரசாத் சௌராசியா சினிமா ஒலிப்பதிவுகளில் வாசித்து நல்ல பெயரெடுத்த பின்னர் அன்னபூர்ணா தேவியிடம் சீடனாகச் சேர விரும்பினார். அந்த அம்மையார் மேடையைத் துறந்து வீட்டோடு இருந்தவர், 2018ல் காலமானார். கற்றதையெல்லாம் மறந்து முதலிலிருந்து தொடங்கச் சம்மதமென்றால் வா என்பது அவருடைய நிபந்தனை. சௌராசியா அதுவரை வலப்பக்கம் பிடித்து வாசித்த குழலை இடப்பக்கம் மாற்றிப் பிடித்தார். பழகிய விரல்கள் பழைய வழியில் ஓடக் கூடாதல்லவா? சம்பாதித்துக் கொண்டிருந்த வித்வான் “முதலிலிருந்து வாசிக்கட்டுமா?” என்று கேட்டதாகத்தான் எனக்கு இது படுகிறது.

பரிசு வாங்கிய பையனை நான் குறை சொல்லவில்லை. நன்றாகவே பாடினான். பொறியியல் படிக்கப் போனவன், பாட்டை விட்டு விட்டதாக அவன் தாயார் சொன்னார். அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு மறுவருடமே மாற்றலாகிக் குடும்பம் வேறு ஊர் போய்விட்டது. பாடுகிறாளா, தெரியாது. மூன்று மார்க்கைப் பார்த்து விட்டுப் பெற்றோர் வகுப்பை நிறுத்தியிருக்கக் கூடாதே என்று நவராத்திரி வரும்போதெல்லாம் நினைத்துக் கொள்கிறேன்.

இந்த ஆண்டும் நடுவராக இருக்கச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு மாற்றங்கள் கேட்டு அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். போட்டிப் பாட்டுக்கு முன் ஒவ்வொரு குழந்தையும் தம்புராவோடு ச-ப-ச மட்டும் ஒரு நிமிடம் பாட வேண்டும். பாடும்போது ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்கினால் மார்க் குறைக்கக் கூடாது, மணியும் அடிக்கக் கூடாது. நேரம் போதாது என்கிறார்கள். ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று நிமிடம் கூடும், வாஸ்தவம். பரிசளிப்பு விழாவில் எங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் அதை எடுத்துக் கொள்ளலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.