ஊர் ஊராக அலைந்தவர் திறமை குறைந்தவரா?

"யாரையும் தடுக்கும் விதி எங்கே இருக்கிறது, காட்டுங்கள்." தகுதி, திறமை என்று பேச்சு வரும்போதெல்லாம் ஆய்வரங்குகளில் நான் கேட்கும் வாதம் இது. இதற்கு ஒரு பேஸ்பால் பந்துவீச்சாளரின் வாழ்க்கையைப் பதிலாக வைக்கிறேன்.

செட் ப்ரூவர் 1907ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். 1925ல் கறுப்பர்களுக்கான லீகில் ஆடிய கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் சேர்ந்தார். 1930 ஆகஸ்டில் ஓர் இரவு, மங்கலான விளக்கொளியில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு எதிராக 12 இன்னிங்ஸ் பந்து வீசி 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். எதிரணியில் வீசிய ஸ்மோக்கி ஜோ வில்லியம்ஸ் 27 பேரை வீழ்த்த, ஆட்டம் 1-0 என்று ப்ரூவரின் கையை விட்டுப் போனது. அன்று மேஜர் லீகில் 16 அணிகள் இருந்தன. இவர்கள் இருவருக்கும் அவற்றில் ஒன்றில்கூட இடமில்லை.

பிறகு பிழைப்புக்கு அலைச்சல். 1935ல் வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க். 1937ல் டொமினிக்கன் குடியரசு. 1938ல் மெக்சிகோவின் டாம்பிகோ. வெள்ளைக்காரர் ஒருவர் இப்படி அணி மாறிக்கொண்டே இருந்தால் 'சுமாரான ஆட்டக்காரர்' என்று சொல்லிவிடலாம். ப்ரூவரை அலையவைத்தது பூட்டிய கதவு.

அந்தப் பூட்டு எந்தக் காகிதத்தில் இருந்தது? எதிலும் இல்லை. 1920 முதல் 1944 வரை பேஸ்பாலின் ஆணையராக இருந்த லாண்டிஸ், கறுப்பர்களைத் தடுக்கும் விதி எதுவும் இல்லையென்று 1942ல் வெளிப்படையாகவே அறிவித்தார். அவர் இறக்கும்வரை அங்கு ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை. நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளையும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லைதானே!

1947ல் ஜாக்கி ராபின்சன் உள்ளே நுழைந்தபோது ப்ரூவருக்கு 40 வயது. மேஜர் லீகில் அவர் கடைசிவரை ஒரு பந்தும் வீசவில்லை. பின்னாளில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி, இளம் திறமைகளைக் கண்டுபிடிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தது. திறமையை எடைபோடத் தகுதியுள்ள மனிதருக்கு அதைக் காட்ட மட்டும் தகுதியில்லாமல் போனது எப்படி?

2024ல் கறுப்பர் லீக்குகளின் கணக்கை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது. நல்லது. ஆனால் பிஸ்மார்க்கிலும் டாம்பிகோவிலும் வீசிய பந்துகள் அந்த ஏட்டில் ஏறாது. விரட்டியவர்களே கணக்குப்பிள்ளைகளாகவும் இருந்தால், விரட்டப்பட்ட ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் வராது.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை "விதி எங்கே?" என்று கேட்பவரிடம் விதியைத் தேடிக் கொடுக்காதீர்கள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.